குளிர்காலம் இல்லாதவன்

ஆல்ப் என்ற சொல்லைக் கேட்டதும் வெளியிலிருந்து வருகிறவன் பனி மூடிய உச்சியை நினைக்கிறான். அந்த மலைகளில் வாழ்கிறவனின் பேச்சில் அது கோடைக்கால மேய்ச்சல் நிலத்தின் பெயர். கீழே ஊர், ஊருக்கு மேல் காடு, காட்டுக்கு மேல், பாறையும் பனியும் தொடங்குமுன், புல் மட்டும் வளரும் ஒரு பட்டை. அதுதான் ஆல்ப். ஒருவனுக்குக் கண்ணால் பார்க்க வேண்டிய இடம், இன்னொருவனுக்கு மாடு மேயும் இடம். ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இடைவெளியை மொழியின் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு தார்மீகப் பிரச்சினை இதற்குள் இருக்கிறது. நடந்து கடந்து செல்கிறவன், இருந்து வாழ்கிறவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்?

கோடைதோறும் அந்தப் புல் பட்டையின் வழியே பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். ட்ரியெஸ்ட் அருகே அட்ரியாடிக் கரையில் தொடங்கி மொனாக்கோவில் மத்தியதரைக் கடலோரம் முடியும் வியா ஆல்பினா என்ற பாதை எட்டு நாடுகளைத் தொட்டுச் சுமார் 2,500 கிலோமீட்டர் செல்கிறது. மோன் ப்ளாங் மலையைச் சுற்றி வரும் பாதை சுமார் 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்ஸர்லாந்து மூன்றையும் கடக்கிறது. முதுகில் ஒரு பை. காலையில் ஒரு கணவாய் ஏறி மாலையில் மறுபுறம் இறங்குவது, மறுநாள் இன்னொரு கணவாய். கண்ணுக்குப் படுவதற்கு முன்பே மாட்டு மணிகளின் ஓசை காதில் விழுகிறது. மரத்தைக் குடைந்து செய்த தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. பத்து நாட்கள் இப்படி நடந்தால் தேதி மறந்துபோகிறது. கடிகாரத்தின் இடத்தைப் பசியும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. நடப்பவன் இதை விடுதலை என்கிறான்.

இந்த விடுதலை போலி என்று சொல்லிவிடுவது எளிது. நகரத்துக்காரனின் ஓய்வு நாள் மயக்கம் என்று ஒதுக்கிவிட்டால் கட்டுரை இரண்டு பாராக்களில் முடிந்துவிடும். அந்த அனுபவம் உண்மையானது என்றே நான் வைத்துக்கொள்கிறேன். உண்மையான அனுபவத்துக்குத்தான் பொறுப்பும் உண்டு. எதன்மேல் நின்று அது நிகழ்கிறது என்று கேட்க வேண்டும்.

நடப்பவன் இயற்கை என்று நினைக்கும் அந்தப் புல்வெளி மனித உழைப்பின் சிருஷ்டி. இயற்கையாகவே மரம் வளராத உயரத்தில் உள்ள மேய்ச்சலும் உண்டுதான். ஆனால் பெரும்பகுதி, காட்டின் மேல் எல்லையை வெட்டியும் எரித்தும் கீழே தள்ளி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உண்டாக்கப்பட்டது. உருண்டு வந்த கற்களை ஒவ்வோர் ஆண்டும் பொறுக்கிச் சுவராக அடுக்கியிருக்கிறார்கள், முளைக்கும் புதரை வெட்டியிருக்கிறார்கள், சாணத்தைப் பரப்பியிருக்கிறார்கள். மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் பச்சை ஆல்டர் புதர் ஏறுகிறது. பிறகு லார்ச்சும் ஸ்ப்ரூஸும் வருகின்றன. பள்ளத்தாக்கின் பல சரிவுகளில் இது நம் காலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. நடப்பவனுக்குத் திறந்து கிடக்கும் அந்தக் காட்சி, யாரோ ஒருவன் அதை மூடவிடாமல் வைத்திருப்பதால் திறந்திருக்கிறது.

ஏன் வைத்திருக்கிறான்? இங்கேதான் விஷயம் நம் எதிர்பார்ப்புக்குத் தலைகீழாக இருக்கிறது. மாடுகள் கோடையில் மேலே போவதற்குக் காரணம் குளிர்காலம். பனி ஆறேழு மாதம் ஊரை மூடும். அத்தனை மாதமும் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்குப் போட உலர்புல் வேண்டும். அதை ஊர்ப் புறத்து நிலங்களில்தான் அறுத்துக் காயவைத்துச் சேர்க்க முடியும். மாடு கீழேயே நின்று அந்தப் புல்லைக் கோடையில் மேய்ந்துவிட்டால் தை மாதத்தில் பட்டினி. ஆகவே மாட்டைக் கூட்டிக்கொண்டு ஒரு சிலர் மேலே போகிறார்கள். மற்றவர்கள் கீழே புல் அறுக்கிறார்கள். ஏறக்குறைய நூறு நாட்கள். மேலே கறக்கும் பாலைத் தினமும் கீழே கொண்டுவர வழியில்லாததால் அது அங்கேயே பாலாடைக்கட்டியாகிறது. மாதக்கணக்கில் கெடாது, குளிர்காலத்துக்கும் வரும். பெர்ன் மாநிலத்தின் யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில் செப்டம்பரில், கோடை முழுவதும் சேர்ந்த கட்டிகளை அடுக்கி, எவன் மாடு எவ்வளவு கறந்ததோ அதற்கேற்பச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆல்ப் என்பது குளிர்காலத்துக்காகச் செய்யப்படும் வேலை. கோடையின் கொண்டாட்டமாக அது வெளியாளின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது.

இந்த உண்மையை ஒரு சட்டமாகவே எழுதி வைத்த ஊர் ஒன்று உண்டு. சுவிட்ஸர்லாந்தின் வலே மாநிலத்தில் உள்ள டோர்பெல். 1483இல் அங்கே 21 பேர் கூடித் தங்கள் பொது மேய்ச்சலுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். 1517இல் ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற ஒருவனால் முடியுமோ, அத்தனையைத்தான் அவன் கோடையில் ஆல்ப்புக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் இந்த ஊரைப் பற்றி 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியான தம் நூலில் இதை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டார். 2009இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொது நிலம் என்றாலே ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை ஓட்டிவிடுவான், முடிவில் நிலம் பாழாகும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் வேதவாக்காக ஓதப்பட்டது. அது எழுதப்படுவதற்கு நானூற்று ஐம்பது ஆண்டுகள் முன்பே, ஒரு மலைக் கிராமம் அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லியிருந்தது.

அந்த வாக்கியத்தைப் பொருளாதாரத்தோடு நிறுத்திவிட எனக்கு இஷ்டமில்லை. கோடையில் உனக்குள்ள உரிமையின் அளவு, குளிர்காலத்தில் நீ சுமக்கும் பாரத்தின் அளவு: இப்படிப் படித்தால் இது ஒரு தர்மமாகிறது. இன்பத்துக்கு அளவுகோல் ஆசையிலோ பணத்திலோ இல்லை. அந்த இன்பம் முடிந்த பிறகும் தொடர்கிற கடமையில் இருக்கிறது. இதற்கு இணையான கறாரான நீதியை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் இதை உடனே பூஜை அறையில் வைத்துவிடக் கூடாது. அதே 1483 ஏற்பாட்டின்படி, வெளியூரான் ஒருவன் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் ஆல்ப்பில் அவனுக்குப் பங்கில்லை. விறகு வெட்டக்கூட அனுமதி இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம், வெளியே இருப்பவனுக்குக் கதவடைப்பு. குளிர்காலத்தைச் சுமக்கத் தயாராக வந்தவனையும் அந்தச் சட்டம் ஏற்கவில்லை. இருப்பவனின் நீதி பெரும்பாலும் இப்படித்தான். கடந்து செல்கிறவனின் பக்கத்திலிருந்தும் ஒரு நீதி கோரப்பட வேண்டியிருந்தது.

அதுவும் எழுதப்பட்டது. 1907இல் இயற்றப்பட்டு 1912இல் அமலுக்கு வந்த சுவிஸ் சிவில் சட்டத்தின் 699ஆம் பிரிவு, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நுழையவும், தானாய் விளைந்த பழங்களையும் காளான்களையும் அந்தந்த இடத்து வழக்கத்துக்கு உட்பட்டு எடுத்துக்கொள்ளவும் எவருக்கும் உரிமை தருகிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. 1979இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணும் பொறுப்பை அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். இன்று அங்கே குறியிட்ட நடைவழிகள் சுமார் 65,000 கிலோமீட்டர். இந்த உரிமை எவனிடமும் அவன் குளிர்காலத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. அதன் மகத்துவமும் அதில்தான். அதன் சிக்கலும் அதில்தான்.

நடப்பவன் ஒரு நாளில் தோன்றிவிடவில்லை. பெர்ன் நகரத்து வைத்தியரும் தாவரவியலாளருமான ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் மலைப் பயணம் ஒன்றுக்குப் பின் எழுதிய ஆல்ப்ஸ் பற்றிய நீண்ட கவிதை 1732இல் அச்சாயிற்று. அதில் மலைவாசிகள் ஆசையற்ற, நகரத்தின் கறை படாத மனிதர்கள். ரூஸோவின் ஜூலி நாவல் 1761இல் வந்தது. அதன் வலே வர்ணனைகளைப் படித்தவர்கள் மலைக்குக் கிளம்பினார்கள். வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் 1871இல் வெளியிட்ட தம் மலையேற்ற நூலுக்கு ஐரோப்பாவின் விளையாட்டு மைதானம் என்று பெயர் வைத்தார். நூற்று நாற்பது ஆண்டுகளில் மலைவாசி நல்லொழுக்கத்தின் சின்னமாகி, பிறகு வர்ணனையின் பகுதியாகி, கடைசியில் மைதானத்து ஓரத்தில் நிற்கும் ஆளாகிவிட்டான். மூவருமே இலக்கியவாதிகள் என்பதை நம் வட்டம் கவனிக்க வேண்டும். இந்தப் பார்வையைச் செய்து கொடுத்தவர்கள் நம் ஜாதிக்காரர்கள்.

நீட்ஷேயின் விஷயம் இன்னும் கூர்மையானது. 1881இலும், பிறகு 1883 முதல் 1888 வரை ஒவ்வொரு கோடையிலும், எங்காடின் பள்ளத்தாக்கில் ஸில்ஸ் மாரியா என்ற சிற்றூரில் ஒரு வாடகை அறையில் அவர் தங்கினார். தினமும் மணிக்கணக்கில் நடந்தார். நித்திய மீள்வருகை என்ற கருத்து 1881 ஆகஸ்டில் ஸில்வாப்ளானா ஏரிக்கரையில் நடக்கும்போது அவருக்குத் தோன்றியது. நடந்துகொண்டே அடையாத சிந்தனையை நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் காற்றும் உயரமும் தனிமையும் இல்லாமல் அந்தத் தத்துவம் இல்லை. ஆனால் இலையுதிர்காலம் வந்ததும் அவர் இறங்கிவிடுவார். குளிர்காலத்துக்கு ஜெனோவா, பிறகு நீஸ். மாடுகளைப் போல அவரும் பருவம் பார்த்து இடம் மாறினார். ஒரு வித்தியாசம்: மாடு இறங்கி அதே ஊரின் தொழுவத்துக்குப் போகிறது. எல்லாம் மீண்டும் மீண்டும் அப்படியே வரும், அதை முழுமனதோடு ஏற்க முடியுமா என்று கேட்ட மனிதர், அந்தக் கேள்வியைத் தினமும் காலை கறவையில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் நடந்தார். அவர்கள் அவரது தத்துவத்தில் இல்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பெரிய சிந்தனையும் ஒரு குருட்டுப் புள்ளியின்மேல் கால் ஊன்றி நிற்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைச் சொல்ல நம் மொழியில் கருவிகள் உண்டு. ஆநிரை மேயும் முல்லைக்கு இருத்தலை உரிப்பொருளாக வைத்தார்கள். வழி கடப்பவனின் நிலம் பாலை. ஒரே மண் இருக்கிறவளுக்கு முல்லையாகவும் கடக்கிறவனுக்குப் பாலையாகவும் ஆகக்கூடும் என்பதற்குத் திணை மயக்கம் என்ற பெயரும் தயாராக இருக்கிறது. நிலத்தைக் கண்ணுக்கு எதிரே விரித்த காட்சியாக அல்லாமல் ஒரு வாழ்நிலையாக எண்ணியவர்களின் சொற்கள் இவை. ஆல்ப்ஸ் நடைப்பயணி சந்திக்கிற சிக்கலும் திணை மயக்கம்தான். பிறர் முல்லையில் அவன் தன் பாலையை நடக்கிறான்.

அந்த மயக்கம் ஒரு முறை உயிர்ச்சேதத்தில் முடிந்தது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் பின்னிஸ் பள்ளத்தாக்கு. 2014 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண் தன் நாயுடன் மேய்ச்சல் வழியே நடந்துகொண்டிருந்தார். கன்றுகளோடு நின்ற பசுக்கள் பாய்ந்து அவரைக் கொன்றன. நாயின் வார் அவர் இடுப்போடு சேர்ந்திருந்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தது, வேலி இல்லை. 2019 பிப்ரவரியில் இன்ஸ்ப்ருக் நீதிமன்றம் முழுப் பொறுப்பும் விவசாயியுடையது என்று தீர்ப்பளித்து, நஷ்டஈடும் மாதாந்தரத் தொகையுமாகச் சுமார் 4,90,000 யூரோ அவர்மேல் சுமத்தியது. மலை விவசாயிகள் கொதித்தார்கள். பாதைகளை மூடிவிடுவோம் என்ற குரல் எழுந்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் பொறுப்பு பாதிப் பாதியாயிற்று. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதற்கிடையில் 2019இல் சட்டமும் திருத்தப்பட்டு, மேய்ச்சலில் நடப்பவனின் சுயபொறுப்பு எழுத்தில் வந்தது.

ஒரு மரணத்தை உதாரணமாக்கும்போது கை கூச வேண்டும். இருந்தாலும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது; இரண்டு உரிமைகளும் இங்கே ஸ்தூலமாக மோதிக்கொண்டன. கன்றை ஈன்ற பசுவுக்கு நாய் என்பது ஓநாயின் வடிவம். கன்றைத் தாயிடமே விட்டு வளர்க்கும் முறை சமீப பத்தாண்டுகளில் பெருகியிருக்கிறது. கறக்க ஆள் வேண்டாம் என்பது அதன் வசதி. கறக்கும் கை படாத பசு மனிதனோடு பழகுவதும் குறைவு. நடந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மறுபுறம், அது ஆள் நடமாட்டம் மிகுந்த இடம். அந்தச் சிறு தூரத்துக்கு மட்டும் வேலி போடுவது ஆகாத காரியமல்ல என்று நீதிமன்றம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாதிப் பாதி என்ற தீர்ப்பைச் சட்டத்தின் சமரசம் என்று சிலர் கேலி செய்யலாம். எனக்கு அது துல்லியமாகவே படுகிறது. ஒருவர் அறியாமலிருந்ததற்கும் மற்றவர் அறிந்தும் செய்யாமலிருந்ததற்கும் நடுவே வேறெங்கே கோடு இழுப்பது?

நடப்பவனின் கடனைத் தீர்க்க இரண்டு சுலப வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பணம். விடுதிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அவன் கொடுக்கும் பணம் போக, வரிப்பணத்திலிருந்து மானியம். சுவிட்ஸர்லாந்தில் 2014இல் நிலக்காட்சியின் தரத்துக்கென்றே தனி மானியம் ஏற்பட்டது. இது இல்லாவிட்டால் பல ஆல்ப்புகளில் புதர் ஏறியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளைச்சலுக்கு அல்லாமல் தோற்றத்துக்குக் கூலி வாங்கத் தொடங்கியவன், தன் நிலத்திலேயே பிறர் படத்துக்கு வர்ணம் அடிப்பவனாகிறான். இரண்டாவது வழி குற்ற உணர்வு. நான் சுரண்டுகிறேன், ஆகவே போகமாட்டேன். இதுவும் தன்னைப் பற்றிய கவலைதான். மேலே இருப்பவனுக்கு அதனால் ஒரு கட்டு உலர்புல்கூடக் கிடைக்காது. போகாமலிருப்பவனின் தூய்மை, போகிறவனின் ரசனையைவிடப் பெரிய விஷயமல்ல.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பேச்சில் எடுக்கக் கூசும் அளவுக்கு அற்பமானது. மேய்ச்சலுக்குக் குறுக்கே பாதை போகும் இடங்களில் ஒரு படல் இருக்கும். திறந்து உள்ளே போனால் மீண்டும் சாத்திக் கொக்கியை மாட்ட வேண்டும். சாத்தாமல் போனால் மாடு அறுப்புக்கு வைத்த புல்லில் இறங்கும், அல்லது பாறை விளிம்புக்குப் போகும். விளைவு தெரிய வரும்போது நடந்தவன் அடுத்த கணவாயில் இருப்பான். படலைச் சாத்தும் செயலை யாரும் பார்ப்பதில்லை; அதற்கு நன்றியும் இல்லை. தான் இல்லாத ஒரு நேரத்துக்காக, தான் சந்திக்காத ஒருவனின் குளிர்காலத்துக்காக அவன் இதைச் செய்கிறான். குளிர்காலம் இல்லாதவனுக்கு இன்னொருவனின் குளிர்காலத்தில் கிடைக்கக்கூடிய பங்கு இவ்வளவுதான். அன்பு, ஒன்றிப்போதல் என்ற பெரிய சொற்கள் இங்கே வேண்டாம். என் வருகையால் உன் காலத்தின் தொடர்ச்சி அறுபடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்பதே போதும். டோர்பெல்லின் விதியும் 699ஆம் பிரிவும் முரண்படாமல் சந்திக்கும் இடம் அந்தக் கொக்கி.

எழுதுகிறவன் இதிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள முடியாது. பிறர் வாழ்க்கையின் கோடையில் நுழைந்து, பார்த்து, எடுத்துக்கொண்டு வெளியேறுவது நம் தொழில். ஜான் பெர்ஜர் 1970களின் நடுவில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு விவசாயக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். புல் அறுப்பில் கூட நின்றார். அந்த மக்களைப் பற்றிய முத்தொகுதியின் முதல் நூல் 1979இல் வந்தது. அத்தனை குளிர்காலங்களுக்குப் பிறகும், தானாகத் தேர்ந்து வந்த அந்நியன் என்ற தன் நிலையை அவர் மறைக்கவில்லை. எல்லா எழுத்தாளனும் அப்படிக் குடியேறிவிட வேண்டும் என்பது என் வாதம் அல்ல; பெரும்பாலோரால் முடியாது. ஆனால் ஒரு படைப்பைப் படிக்கும்போது இதில் படல் சாத்தப்பட்டிருக்கிறதா என்று நாம் கேட்கலாம். எந்த வாழ்க்கையைக் கடந்து அது வந்ததோ, அந்த வாழ்க்கை அதன் பின்னாலும் தன் போக்கில் தொடரும்படி அது விட்டிருக்கிறதா, அல்லது தன் அனுபவத்துக்காக அதைத் திறந்துபோட்டு வந்துவிட்டதா? வடிவம், உத்தி பற்றிய நம் சர்ச்சைகளில் இந்தக் கேள்விக்கு இடம் கிடைத்ததில்லை.

செப்டம்பரில் மாடுகள் இறங்குகின்றன. கொம்புக்கு மேல் மலர் வளையம், கழுத்தில் பெரிய மணி. பாதையோரம் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கக் கூடி நிற்கிறார்கள். அந்தக் கோடையில் மேலே ஒரு மாடு விழுந்து செத்திருந்தாலோ, வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்திருந்தாலோ, அந்த மந்தையைப் பூ இல்லாமல் ஓட்டி வருவது பல பள்ளத்தாக்குகளில் வழக்கம். காத்து நின்றவனுக்கு ஏமாற்றமாக இருக்கும்; வெறும் மாடுகள் என்று காமிராவைத் தாழ்த்திவிடுவான். பூ இல்லாததன் பொருள் தெரிந்தவன் ஓரமாக ஒதுங்கி, அவை போகும்வரை நிற்பான்.